முதல் மாதிரிக் கப்பலின் அணியத்தில் (முன்பகுதியில்) பலகைகள் எழும்பி நிற்கின்றன: பிரிப்பதா, பூசி மறைப்பதா, கைவிடுவதா?

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி, வேலூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் சத்துவாச்சாரியில் வசிக்கும் கணக்கு ஆசிரியர். கடலைப் பார்க்க வேண்டுமானால் சென்னை வரை 130 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய ஊரில் இருந்தாலும், சிறு வயது முதலே பாய்மரக் கப்பல்கள் மீது எனக்கு ஈடுபாடு உண்டு. கடந்த தை மாதத்தில்தான் துணிந்து, 1:64 அளவிலான ஒற்றைப் பாய்மரக் கப்பல் ஒன்றைச் செய்வதற்கான மரப் பொருள்கள் அடங்கிய பெட்டியை வரவழைத்தேன். அடியில் 1.5 மி.மீ. கனமுள்ள வெளிர் மரப் பட்டைகளும், அதன்மேல் 0.5 மி.மீ. கனமுள்ள வால்நட் பட்டைகளுமாக இரண்டு அடுக்கு ஒட்ட வேண்டிய வகை அது.

ஏராவில் (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரத்தில்) 11 குறுக்குச் சட்டங்களையும் பொருத்தும் வரை எனக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. மேல்தள விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒட்டிய முதல் 4 பட்டைகளும் ஒழுங்காகவே உட்கார்ந்தன. 5ஆவது பட்டையிலிருந்துதான் தொல்லை தொடங்கியது. அணியத்தில் வளையும் இடத்தில் ஒவ்வொரு பட்டையின் கீழ் விளிம்பும் வெளியே எழும்பி, ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதுபோல் தெரிகிறது. 8ஆவது பட்டையுடன் நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒட்டிய அன்று நெருக்கமாக இருந்த பட்டைகளுக்கு இடையிலும் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது.

நான் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பட்டைகளை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் துடைத்து, வளையும் பதம் போவதற்குள் உடனே வெள்ளைப் பசை தடவி ஒட்டுகிறேன். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறையில்தான் வேலை. சித்திரை வெயிலில் பசை சீக்கிரம் இறுகுவது எனக்கு வசதியாகத் தோன்றியது.

இதை வேறொரு குழுவில் படத்துடன் கேட்டபோது, அடிப்படையைப் படித்துவிட்டு வருமாறு ஒரே ஒரு வரி பதிலாக வந்தது. எதைப் படிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதன் பிறகு மூன்று வாரங்கள் நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. ஒட்டியதைப் பிரிக்க முடியுமா, மேலே மரத்தூள் கலவை பூசித் தேய்த்தால் போதுமா, அல்லது இதை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொன்றைத் தொடங்குவது நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். இரு பக்கப் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

அச்சுத்தச்சன் (ராணிப்பேட்டை)

தம்பி, உங்கள் படங்களைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். கைவிட வேண்டிய நிலையில் அந்தக் கப்பல் இல்லை. சட்டங்கள் ஏராவுக்குச் செங்குத்தாக நிற்கின்றன. முதல் நான்கு பட்டைகள் இரு பக்கமும் ஒரே உயரத்தில் போகின்றன. அது சரியாக அமையாதிருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

நான் வார்ப்பட ஆலையில் மரத்தில் பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மாதிரி வடிவம்) செய்து ஓய்வு பெற்றவன். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும் என்பதால், அந்த அளவுக்குப் பேட்டர்னைப் பெரிதாகவே செய்வோம். சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கில் எடுக்காதவன் அந்தத் தொழிலில் நிலைக்க முடியாது. உங்கள் பட்டைகளிலும் நடந்தது சுருக்கம்தான். மரம் நீள வாக்கில் ஊறினாலும் காய்ந்தாலும் மாற்றம் மிகக் குறைவு. ஆனால் இழைக்குக் குறுக்காக, அதாவது பட்டையின் அகலத்தில், கண்ணுக்குத் தெரியும் அளவு உப்பும், பிறகு சுருங்கும். உப்பியிருக்கும் நேரத்தில் பக்கத்துப் பட்டையோடு நெருக்கி ஒட்டிவிட்டீர்கள். நம் ஊர் வெயிலில் தகரக் கூரையின் கீழ் அது காய்ந்து, தன் பழைய அகலத்துக்குத் திரும்பியது. ஈரம் குடித்த மரத்தில் வெள்ளைப் பசையும் சரியாக இறங்காது. ஊறவைத்த பட்டையைப் பசையில்லாமல் கப்பலின் மேலேயே வளைத்து, கிளிப் போட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் அது வளைந்த வடிவத்திலேயே காய்ந்திருக்கும். அப்போது எடுத்துப் பசை தடவி ஒட்டினால் இந்த இடைவெளி வராது. வேலையை முடிந்தால் கீழ் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம், அணியத்தில் உள்ள முதல் மூன்று சட்டங்களின் விளிம்பு இன்னும் சதுரமாகவே இருக்கிறது. கப்பல் அங்கே உள்நோக்கி வளைவதால் அந்த விளிம்பைச் சாய்வாகச் சீவியிருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டை சட்டத்தின் ஒரு முனையில் மட்டும் தொட்டு நிற்கும், பசைக்குப் பிடிமானம் இருக்காது. நீளமான, சற்று வளைந்து கொடுக்கும் மரத்துண்டில் உப்புத்தாளை ஒட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் மூன்று நான்கு சட்டங்கள் மீது படும்படி இழுத்துத் தேயுங்கள். ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாகத் தேய்த்தால் பள்ளம் விழும். பிறகு ஒட்டாத ஒரு பட்டையைக் கையால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். எல்லாச் சட்டத்திலும் அதன் முழு விளிம்பும் படிய வேண்டும். இந்த ஒரு வேலைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆனாலும் ஒதுக்குங்கள். அவசரம் காட்டக் கூடாத இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது காரணம்தான் பட்டை எழும்பியதற்கு நேர்ப் பொறுப்பு, நீங்கள் கணக்கு ஆசிரியர் என்பதால் உங்களுக்கு உடனே பிடிபடும். 4ஆவது பட்டையின் கீழ் விளிம்பிலிருந்து ஏரா வரை, நடுச் சட்டத்தின் மேல் ஒரு காகிதக் கீற்றைப் படியவைத்து அளவெடுங்கள். அது 70 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 5 மி.மீ. அகலத்தில் 14 பட்டைகள் வேண்டும். அதே கீற்றை அணியத்தின் முதல் சட்டத்தில் வைத்தால் 42 மி.மீ. மட்டுமே வருகிறது என்றால், அந்த 14 பட்டைகளும் அங்கே 42க்குள் அடங்க வேண்டும். ஒவ்வொன்றும் அந்த இடத்தில் 3 மி.மீ. ஆக ஒடுங்க வேண்டும். நீங்கள் ஒடுக்காமல் முழு அகலத்தையும் கொண்டுபோய் நெருக்கியிருக்கிறீர்கள். பட்டை தட்டை வாக்கில் வளையும், விளிம்பு வாக்கில் வளைய மறுக்கும். வற்புறுத்தினால் ஒரு விளிம்பு எழும்பும். ஒவ்வொரு சட்டத்திலும் இப்படி அளந்து பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு, சிறு இழைப்புளியால் பட்டையின் ஒரு விளிம்பை மட்டும் சீவுங்கள். பாதி அகலத்துக்குக் கீழே எந்தப் பட்டையையும் ஒடுக்க வேண்டாம். அப்படி ஒரு நிலை வந்தால் இரண்டு பட்டைகளை ஒன்றாக முடிக்க வேண்டும். பின்புறத்தில் இதற்கு மாறாக, 14 பட்டைகளும் போதாமல் இடம் மிஞ்சலாம். அங்கே ஆப்பு வடிவத் துண்டு செருக வேண்டும். அந்தக் கட்டம் வரும்போது கேளுங்கள், வரைந்து அனுப்புகிறேன்.

பிரிப்பதைப் பற்றி: 5 முதல் 8 வரையான பட்டைகளை மட்டும் எடுத்தால் போதும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிய தூரிகையால் இணைப்புகளில் தடவி, சிறிது நேரம் விட்டு, மறுபடியும் தடவினால் வெள்ளைப் பசை இளகும். கைப்பேசி பழுது பார்க்கும் கடைகளில் சர்க்யூட் போர்டு துடைக்க அதை வைத்திருப்பார்கள். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். நெம்புவதற்கு மழுங்கிய தகடு நல்லது. கூரான கத்தி சட்டத்தை வெட்டிவிடும்.

ஆரணி நூல் (ஆரணி)

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். தொழில்நுட்பத்தை ராணிப்பேட்டை ஐயா சொல்லிவிட்டார். நான் அந்த மூன்று வாரங்களைப் பற்றி எழுத விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு அது 14 மாதங்களாக நீண்டது.

நான் முதலில் வாங்கியது விக்டரி என்ற போர்க்கப்பலின் மாதிரி. 1765இல் நீரில் இறக்கப்பட்டு, 1805இல் டிராஃபால்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கொடிக் கப்பலாக நின்ற, 104 பீரங்கிகள் கொண்ட மூன்று பாய்மரக் கப்பல். முதல் வேலைக்கு அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று சொல்வதற்கு எனக்கு யாரும் இருக்கவில்லை. கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் இரு பக்கமும் வெவ்வேறு உயரத்தில் அமைந்துவிட்டன என்பது தெரிந்த அன்று பெட்டியை மூடி அலமாரியின் மேல் வைத்தேன். எங்கள் வீட்டில் பட்டுத்தறி உண்டு. ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தால் என் தாயார் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடி எடுத்து, முடிபோட்டு, அதன் பிறகுதான் அடுத்த ஊடையை ஓட்டுவார். அதைத் தினமும் பார்த்து வளர்ந்த நானே என் கப்பலைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டேன்.

என்னைத் திரும்ப அழைத்து வந்தவர் புதுச்சேரியில் இருக்கும் ஒரு பெரியவர். பிழையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். நான் தயங்கியபோது, தம்முடைய முதல் படகின் படத்தை எனக்கு அனுப்பினார். அதன் ஏராவே வளைந்திருந்தது. பிறகு ஒரு சிறிய திறந்த படகை முதலில் செய்யச் சொல்லி, ஏழு மாதங்கள் வாரம் ஒரு முறை நான் அனுப்பும் படங்களைப் பார்த்துப் பதில் எழுதினார். ஒரு வாரம்கூட அவர் தவறவில்லை. அந்தப் படகு இப்போது என் மேசை மேல் இருக்கிறது, விக்டரியும் அலமாரியை விட்டு இறங்கிவிட்டது.

ஆகவே உங்களுக்கு வந்த அந்த ஒற்றை வரியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அளவு, மரம், பசை, ஊறவைத்த நேரம், வேலை செய்யும் அறை எல்லாவற்றையும் எழுதி, இரு பக்கப் படங்களையும் இணைத்திருக்கிறீர்கள். அதனால்தான் ராணிப்பேட்டை ஐயாவால் நேரில் பார்த்ததுபோல் காரணம் சொல்ல முடிந்தது. இங்கே பதில் எழுதும் அனுபவசாலிகளிடமும் ஒரு வேண்டுகோள்: படிக்கச் சொல்வதானால் எதை, எந்தப் பகுதியை என்று தயவுசெய்து சேர்த்துச் சொல்லுங்கள். தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தனக்குத் தெரியாததன் பெயர்கூடத் தெரியாது. பட்டையை ஒடுக்க வேண்டும் என்பது தெரிந்தால்தானே அதைப் பற்றித் தேட முடியும்?

கயிறு கட்டும் கட்டத்துக்கு வரும்போது சொல்லுங்கள். தறியில் மிஞ்சும் பட்டு நூலை மெல்லிய திரியாக முறுக்கி, தேன்மெழுகு ஏற்றி வைத்திருக்கிறேன், அனுப்பிவைக்கிறேன்.

கரைக்காற்று (ராயபுரம், சென்னை, சொந்த ஊர் குடியாத்தம்)

ராணிப்பேட்டை அண்ணன் சொன்ன காரணங்கள் மூன்றும் சரி. ஆனால் உடனே பிரிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இரண்டு அடுக்குக் கப்பலில் முதல் அடுக்கு வெளியே தெரியாது. எழும்பிய விளிம்புகளைத் தேய்த்து, மரத்தூளும் பசையும் கலந்து பள்ளங்களை நிரப்பி, மேலே வால்நட் ஒட்டினால் பார்வைக்குக் குறை இருக்காது. நான் என் முதல் கப்பலை அப்படித்தான் முடித்தேன். முடித்த கப்பல் ஒன்று கையில் இருப்பது பெரிய தைரியம் தரும்.

அதற்கு முன் கை பழக வேண்டும் என்று நினைத்தால், நம் கரையிலேயே நல்ல பாடம் இருக்கிறது. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் உள்சட்டமே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த விறைப்பான படகு உடைந்துபோகும் அலையில், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அதைச் சிறிய அளவில் செய்து பார்த்தால், பலகை எந்தப் பக்கம் வளையும், எந்தப் பக்கம் மறுக்கும் என்பதை விரல் தானாகக் கற்றுக்கொள்ளும்.

அச்சுத்தச்சன் (ராணிப்பேட்டை)

ராயபுரம் தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. மேலே தெரியப்போவதில்லை என்பது உண்மை. இந்தக் கப்பலில் மட்டும் நான் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம், இன்னும் 10 பட்டைகள் பாக்கி இருக்கின்றன. ஒடுக்காத எட்டின் கீழே அவற்றை ஒட்டினால், ஏராவை நெருங்கும்போது இடமே இருக்காது. 16ஆவது பட்டையில் தெரிந்திருந்தால் பூசி மறைக்கத்தான் சொல்லியிருப்பேன்.

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி, வேலூர்)

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நான்கு பட்டைகளும் இரு பக்கமும் பிரிந்துவிட்டன. வலப்பக்கத்தில் ஒரு சட்டத்தின் முனை சிறிது உடைந்தது; அதை ஒட்டிவிட்டேன். அணியத்துச் சட்டங்களைச் சாய்வாகத் தேய்த்து முடிக்க, ஐயா சொன்னதுபோல் இரண்டு ஞாயிறுகள் சரியாக ஆயின. அளந்தபோது என் கப்பலில் நடுவே 68 மி.மீ., அணியத்தில் 44 மி.மீ. வந்தது. 68ஐ 5ஆல் வகுத்தால் முழு எண் வராததால், 14 பட்டைகள் என்று வைத்து நடுவிலும் சிறிதளவு சீவிக்கொண்டேன். அணியத்தில் ஒவ்வொன்றும் 3.1 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். புதிய 5ஆவது பட்டை நேற்று இரவு முழுவதும் கிளிப்பில் இருந்தது, இன்று காலை இடப்பக்கம் ஒட்டினேன். எழும்பவில்லை. படம் கீழே இருக்கிறது.

ஒரு ஐயம்: இடப்பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு வலப்பக்கம் போகலாமா?

அச்சுத்தச்சன் (ராணிப்பேட்டை)

படம் பார்த்தேன், மிக்க மகிழ்ச்சி. ஒரு பக்கத்தை முழுவதும் முடிக்க வேண்டாம். ஒரு பக்கப் பட்டைகளின் இழுப்பில் ஏரா வளைந்துவிடும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போங்கள். ஒரு நாளைக்கு அந்த ஒரு ஜோடி போதும்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு வேலூர் வருகிறேன். கோட்டைப் பூங்காவில் அகழிப் பக்கம் நிழலில் உட்காரலாம். கப்பலைத் துணியில் சுற்றி, ஒடுக்காத பட்டைகள் நாலைந்தையும் எடுத்து வாருங்கள். என் சிறிய இழைப்புளியைக் கொண்டுவருகிறேன். ஆரணியிலிருந்து 'ஆரணி நூல்' அம்மாவும் வர முடிந்தால் நூலை நேரிலேயே பார்த்துவிடலாம்.