கூட்டம் இல்லாத பீச் பார்க்குக்கு குடும்பத்தோட போனவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

சிட்டிக்குள்ளயே பெரிய பீச் இருக்கு, அத விட்டுட்டு எதுக்கு இவ்ளோ தள்ளி போகணும்னு வீட்ல எல்லாரும் கேட்டாங்க. என் பையனுக்கு சத்தம் ஆகாதுங்க. ஸ்பீக்கர், விசில், கூட்டம் எல்லாம் ஒண்ணா சேர்ந்தா காதப் பொத்திக்கிட்டு கார் பக்கத்துலயே நின்னுடுவான், அப்புறம் நானோ அவங்க அப்பாவோ அவன்கூட உக்காந்துடுவோம், மத்தவங்க மட்டும் போய் கால் நனைச்சிட்டு வருவாங்க, எங்க பீச் ட்ரிப் எல்லாமே இப்படித்தான் போச்சு. ஊருக்கு வெளிய சின்னதா ஒரு பீச் பார்க் இருக்கு, நிழல் இருக்கு, டாய்லெட் சுத்தமா இருக்கு, மண்ணு கழுவ குழாய் இருக்குன்னு கேள்விப்பட்டதும் லீவு நாள் வேணாம்னு நடுவாரத்துல ஒரு நாள் விடியக்காலைலயே கிளம்பிட்டோம்.

இறங்கினதும் அவன் கடல பாக்கவே இல்ல, கீழ மணலத்தான் பாத்தான். ஒவ்வொரு குட்டி ஓட்டையச் சுத்தியும் மணல் உருண்டை உருண்டையா வரிசையா கெடந்துச்சு. அங்க தினமும் நடக்க வர்ற ஒரு வயசான அம்மா இவன் குனிஞ்சு பாக்குறத பாத்துட்டு பக்கத்துல வந்து உக்காந்து, மெல்லமா பேச ஆரம்பிச்சாங்க. "இது ஒரு சின்ன நண்டு செய்ற வேலை கண்ணு, தண்ணி வடிஞ்சதும் வெளிய வந்து மணல வாயில போட்டுக்கும், அதுல இருக்குற சாப்பாட்ட மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த உருட்டி வெச்சிடும், தண்ணி ஏறுனா எல்லாம் அழிஞ்சிடும், வடிஞ்சதும் திரும்ப ஆரம்பிக்கும். நீ அசையாம இருந்தா வெளிய வரும் பாரு"ன்னு சொன்னாங்க. அசையாம இருக்குறது என் பையனுக்கு கஷ்டமே இல்ல. ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தான், நண்டு வெளிய வந்துச்சு, என் கைய இறுக்கிப் புடிச்சான். அவன் கடற்கரைல சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

வெயில் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். காய்ஞ்ச மணல் புற ஊதாக் கதிர்ல சுமார் 15 சதவீதத்த திருப்பி அனுப்பும், அதனால குடைக்கு கீழ உக்காந்திருந்தாலும் கீழ இருந்து வந்து தோல்ல படும். சன்ஸ்க்ரீன் போட்டா 2 மணி நேரத்துக்கு ஒரு தடவ திரும்பப் போடணும், தண்ணில இறங்கி ஏறுனா உடனே போடணும்.

*

அக்கா, தம்பி நண்ட பாத்தத படிக்கவே மனசு நிறைஞ்சிடுச்சு. இந்த மாதிரி அமைதியான இடத்துக்கு போறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அதையும் சொல்றேன். நாங்க போன இடத்துல ரெண்டு பக்கமும் அலை அடிச்சிட்டு இருந்துச்சு, நடுவுல ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாம சும்மா கிடந்துச்சு. என் பொண்ணு "அப்பா, அங்க அலையே இல்ல, அங்க இறங்கலாம்"னு கேட்டா, பாக்குற யாருக்கும் அப்படித்தான் தோணும். நாங்க அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள லைஃப்கார்டு தம்பி ஓடி வந்துட்டாரு. திட்டவெல்லாம் இல்ல. எங்கள மேட்டுக்கு கூட்டிட்டு போய் நிக்க வெச்சு, கரைல கெடந்த ஒரு குச்சிய எடுத்து அந்த அமைதியான இடத்துல வீசுனாரு. அது கரைக்கு வரவே இல்லங்க, நேரா கடல் பக்கம் போயிட்டே இருந்துச்சு.

அலை கொண்டு வந்து கொட்டுற தண்ணி எல்லாம் எப்படியாச்சும் திரும்பிப் போகணும்ல, மணல் திட்டுக்கு நடுவுல எங்க பள்ளம் இருக்கோ அது வழியா மொத்தமா போகும், பள்ளத்துல ஆழம் ஜாஸ்தி, அதனாலதான் அங்க அலை உடையாது, நெறமும் கொஞ்சம் கருப்பா தெரியும்னு சொன்னாரு. இதுக்குப் பேருதான் ரிப் கரண்ட். வேகமா இருக்குறப்ப வினாடிக்கு 2 மீட்டருக்கு மேலயே இழுக்கும், ஒலிம்பிக்ல நீந்துறவங்களாலயே அத எதுத்து வர முடியாது. மாட்டிக்கிட்டா கரையப் பாத்து நீந்தவே கூடாது, மிதந்துக்கிட்டு கைய தூக்கி உதவி கேக்கணும், முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த இழுப்ப விட்டு வெளிய வந்துட்டு அப்புறம் கரைக்கு திரும்பணும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி ரெண்டு நட்டிருந்தா அதுக்கு நடுவுல மட்டும்தான் எங்க பிள்ளைங்க இப்ப இறங்குதுங்க. கொடியும் இல்ல ஆளும் இல்லன்னா மணல்ல விளையாடிட்டு வந்துடுவோம்.

*

பகிர்ந்ததுக்கு நன்றி ப்ரோ, அந்தக் குச்சி விஷயத்த என் வீட்ல எல்லாருக்கும் படிச்சு காட்டிட்டேன். குழந்தைங்க குழி தோண்டுறதையும் கவனிங்க, முட்டிக்கு மேல ஆழம் போக விடாதீங்க, ஓரம் சரிஞ்சா மணல் நொடில மூடிடும். கிளம்பும்போது மூடிட்டும் வாங்க, ஆமைங்க முட்டை வைக்கிற கரையா இருந்தா குஞ்சுங்க கடலுக்குப் போற வழில அந்தக் குழில விழுந்துடும்.

*

எங்க அப்பாவுக்கு பக்கவாதம் வந்ததுல இருந்து ஊன்றுகோல்தான், கடல் பாத்து வருஷக்கணக்காச்சு. காய்ஞ்ச மணல்ல அவரால ஒரு அடி வைக்க முடியாது, கால் புதையும். ஒரு நர்ஸ் சிஸ்டர் சொன்ன ஐடியா இது: தண்ணி நல்லா வடிஞ்ச நேரமா பாத்து போங்க, அப்ப ஈர மணல் அகலமா கெட்டியா இருக்கும், தரைல நடக்குற மாதிரியே நடக்கலாம்னு சொன்னாங்க. அது மாதிரியே போனோம், பார்க்குல இருந்து கரை வரைக்கும் பலகை பாதை வேற போட்டிருந்தாங்க, அப்பா எங்க யாரையும் புடிக்காம தண்ணி ஓரம் வரைக்கும் நடந்தாரு. அம்மா அழுதுட்டாங்க.

*

அண்ணா, அப்பா நடந்தாருன்னு படிச்சப்ப எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. வடியிற நேரம் எப்படி கண்டுபுடிச்சீங்க? எங்க மாமியாருக்கும் முட்டி வலி, அவங்களயும் கூட்டிட்டு போகணும்.

*

ஓத அட்டவணைன்னு, அதாவது கடல் தண்ணி ஏறுற வடியிற நேரப் பட்டியல், நெட்ல தேடுனாலே வரும்மா, உங்களுக்குப் பக்கத்துல இருக்குற துறைமுகத்தோடத பாருங்க. பெரும்பாலான கரைல ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறி ரெண்டு தடவ வடியும், தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும், அதனால போன வாரம் பாத்த நேரம் இந்த வாரத்துக்கு உதவாது. அமாவாசை பௌர்ணமிய ஒட்டி தண்ணி நல்லா உள்ள வாங்கும், நடக்க எடம் ஜாஸ்தி கெடைக்கும், ஆனா ஏறும்போதும் அதே அளவுக்கு மேல வரும், அதனால வடிஞ்சு முடியிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிட்டு ஏற ஆரம்பிச்சதும் திரும்பிடுங்க. மாமியார் ஸ்டிக் வெச்சிருந்தா அதோட முனைக்கு அகலமான ரப்பர் மாட்டிக்கோங்க, இல்லன்னா ஈர மணல்லயும் கொஞ்சம் இறங்கும்.