மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பின் வந்த சர்க்கரை நோய் போய்விடுமா?

கேள்வி:

என் அப்பாவுக்கு வயது 54. ஏழு மாதங்களுக்கு முன் என் அத்தை அளித்த சிறுநீரகத்தை அவருக்குப் பொருத்தினார்கள். அதுவரை அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததில்லை. இப்போது புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைகோபெனோலேட், தினமும் 10 மி.கி. பிரெட்னிசோலோன் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறார். காலையில் வெறும் வயிற்றில் 104 இருக்கும் சர்க்கரை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 260ஐத் தாண்டுகிறது. மாத்திரையால் வந்தது மாத்திரையை நிறுத்தினால் போய்விடும் என்று எண்ணி, இரண்டு இரவுகள் டாக்ரோலிமஸைப் போடாமல் இருந்திருக்கிறார். மாத்திரை அட்டையில் மிச்சம் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. இந்தச் சர்க்கரை நோய் உண்மையிலேயே மாறக்கூடியதா?

மறுமொழி 1:

மாறுமா என்பதைப் பிறகு பார்க்கலாம். மாத்திரை விட்டுப்போனதை இன்றே உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கும்போது வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம்; சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் உயர்ந்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. டாக்ரோலிமஸ் அளவுப் பரிசோதனைக்குக் காலை மாத்திரையைப் போடுவதற்கு முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நானும் மாற்றுச் சிறுநீரகத்தோடு ஒன்பது ஆண்டுகளாக வாழ்கிறேன். எனக்கும் மூன்றாவது மாதத்தில் சர்க்கரை வந்து, ஐந்து மாதங்கள் இன்சுலின் போட்டேன். மருத்துவர் பிரெட்னிசோலோனைப் படிப்படியாக 5 மி.கி. வரை இறக்கி, டாக்ரோலிமஸ் அளவையும் குறைத்த பிறகு இன்சுலின் தேவைப்படவில்லை. ஆனால் என்னோடு டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த நண்பருக்கு, அதே மருந்துகளைக் குறைத்த பிறகும், இன்றுவரை இன்சுலின் தொடர்கிறது. அவர் பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை நோய் உண்டு.

மறுமொழி 2:

மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். டாக்ரோலிமஸ், எதிர்ப்பு அணுக்களை அடக்குவதற்காகக் கால்சிநியூரின் என்ற நொதியைத் தடுக்கிறது. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலின் சுரப்பதற்கும் அதே நொதி வேண்டியிருப்பதால் சுரப்பு குறைகிறது. ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் வேறு வழியில் வேலை செய்கிறது: கல்லீரலிலிருந்து சர்க்கரையைக் கூடுதலாக வெளியே தள்ளி, இருக்கும் இன்சுலினுக்கும் தசைகள் கட்டுப்படாதபடி செய்துவிடுகிறது. காலையில் போடும் பிரெட்னிசோலோனின் வேகம் மதியத்திலும் மாலையிலும் தெரிந்து விடியற்காலைக்குள் அடங்கிவிடும். உங்கள் அப்பாவின் 104, 260 என்ற கணக்கு அதற்குப் பொருந்துகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். முதல் சில மாதங்களில் ரத்தசோகையும் ரத்தம் ஏற்றியதும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையின் முடிவைக் குறைத்துக் காட்டக்கூடும்.

மருந்தின் அளவு குறையும்போது பீட்டா செல்கள் ஓரளவு மீள்வதால், சிலருக்கு இந்த நோய் முற்றிலும் அடங்குகிறது. எடை கூடினால் திரும்பவும் வரலாம். டாக்ரோலிமஸிலிருந்து அதே வகை மருந்தான சைக்ளோஸ்போரினுக்கு மாற்றினால் சர்க்கரை இறங்குவது உண்டு, ஆனால் நிராகரிப்பைத் தடுப்பதில் அது டாக்ரோலிமஸுக்கு ஈடாகாது என்பதால் அந்த முடிவை மருத்துவர் மட்டுமே எடுக்க வேண்டும். இன்சுலின் என்றதும் அஞ்ச வேண்டாம். களைத்த கணையத்துக்கு அது ஓய்வு தருகிறது.

கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுநாளே அழைத்துச் சென்றேன். கிரியாட்டினின் 1.3, முன்பு இருந்த அளவே. டாக்ரோலிமஸில் கை வைக்காமல், பிரெட்னிசோலோனை 7.5 மி.கி.க்குக் குறைத்து, காலையில் ஒரு வேளை இன்சுலின் கொடுத்திருக்கிறார்கள். அப்பா மாத்திரை நேரங்களை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு அத்தையும் தொலைபேசியில் அழைத்து, மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டுவிடுகிறார்.