லஞ்ச் பேக்கா, பேப்பர் பையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் எங்கள் பாத்திரக்கடைக்கு வருகிற ஆவணியோடு பத்து வருஷம் ஆகிறது, அதற்கு வழக்கமாக வருகிறவர்களுக்குக் கடைப்பெயர் அச்சடித்த பை கொடுக்கலாம் என்று இருக்கிறோம். 300 பேர், கையில் இருப்பது 15,000 ரூபாய்.

எனக்கு லஞ்ச் பேக்தான் ஆசை. எங்களிடம் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், தினமும் சோற்றுப் பாத்திரம் எடுத்துப் போகிறவர்களுக்கு அது உதவும். ஆனால் கேட்ட விலை ஒன்றுக்கு 110, அப்படிப் பார்த்தால் 136 பேருக்குத்தான் வரும், மீதிப்பேர் முகத்தை எப்படிப் பார்ப்பது? மலிவானதும் வேண்டாம். போன வருஷம் ஓர் இடத்தில் இலவசமாகக் கிடைத்த பையில் ஒரே மாதத்தில் ஜிப் பல் போய்விட்டது, உள்ளே வெள்ளித்தாள் உரிந்து சாம்பார் இறங்கி, எத்தனை தடவை கழுவியும் வாடை போகவில்லை.

பேப்பர் பை 18 ரூபாய், எல்லாருக்கும் கொடுக்கலாம். அப்புறம் நம்ம ஊர் மழை! நனைந்தால் கயிறு கோர்த்த ஓட்டையில்தான் முதலில் கிழியும், உள்ளே குக்கர் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

துணி போல இருக்கும் ‘நான்-ஓவன்’ (நெய்யாத பிளாஸ்டிக் இழை) பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது, அதனால் அது வேண்டாம்.

பேப்பர் பை என்றால் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனம்) இருந்தால் தாங்கும்? நாகர்கோவில், தக்கலை பக்கம் 150 லஞ்ச் பேக் மட்டும் அச்சடித்துத் தருகிறவர்கள் உண்டா? கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால், ஆட்கள் அதைப் பிறகும் பயன்படுத்தினார்களா என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.