மஞ்சள் ஊசியும் கீழாநெல்லியும்

ஈசூன்வாசி:

போன மாதம் கண்ணுக்குச் சாய ஊசி போட்டுப் படம் எடுத்தார்கள். எடுக்கப் போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. பாலிகிளினிக்கில் எடுத்த கண் படத்தில் ஏதோ புள்ளி தெரிந்ததால் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் ‘ஃபுளோரசின் ஆஞ்சியோகிராம்’ எடுக்க வேண்டும் என்றார். ஆஞ்சியோகிராம் என்றதும் என் கை தானாக நெஞ்சுக்குப் போனது. கண்ணுக்கும் அது உண்டாம்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்தார்கள். கருவியில் முகவாயை வைத்து உட்கார்ந்ததும் தாதி கையில் ஊசியை ஏற்றினார். 5 மில்லிதான். கேசரிப் பவுடரைக் கெட்டியாகக் கரைத்த மாதிரி நிறம். பத்துப் பதினைந்து நொடியில் சாயம் கையிலிருந்து கண்ணுக்கு வந்துவிடுகிறது. உடனே நீல ஒளி பளிச் பளிச்சென்று அடிக்கத் தொடங்கியது. இமைக்காதீர்கள் என்றார்கள். சொல்வது சுலபம்! கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டியது. “அண்ணே, மூச்ச நல்லா இழுத்து விடுங்க, ரெண்டு நிமிஷத்துல போயிடும்” என்றார் தாதி, தமிழ்ப் பெண். அதேபோல் போய்விட்டது.

அப்புறம் திரையில் காட்டினார்கள். கறுப்புப் பின்னணியில் ரத்தக் குழாய்கள் வெள்ளை வெளேரென்று வேர் விட்டிருந்தன. ஓர் ஓரத்தில் மட்டும் மட்டமான தாளில் மை ஊறுவதுபோல வெள்ளை பரவிக்கொண்டே போனது. அந்த இடத்தில்தான் குழாய் கசிகிறதாம். வருடக்கணக்காக ரத்தப் பரிசோதனை எண்ணைச் சொல்லிச் சொல்லித் திட்டியபோது உறைக்காதது அந்த ஊறலைப் பார்த்ததும் உறைத்தது.

ஒரு குறையும் உண்டு. தோல் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும் என்பதை ஒரு தாளில் பொடி எழுத்தில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கண்மணியை விரித்துவிட்டபின் அதை எப்படிப் படிப்பது? வீட்டுக்குப் போனால் என் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டுக் காமாலை என்றே முடிவு கட்டிவிட்டார். கீழாநெல்லி வாங்கத் தேக்கா சந்தைக்குக் கிளம்பியவரை மின்தூக்கி வாசலில் மடக்க வேண்டியதாயிற்று. சிறுநீரோ, மாணவர்கள் புத்தகத்தில் கோடு போடும் பளீர் மஞ்சள் பேனா நிறம். மறுநாளும் கொஞ்சம் இருந்தது.

துவாஸ் பணிப்பெண்:

அண்ணே, உங்களுக்கு ஏற்றியது எனக்குச் சோறு போடும் சாமான். பரிசோதனைக் கூடங்களுக்கான ரசாயனங்களைக் கையாளும் இடத்தில் வேலை செய்கிறேன். அந்தச் சாயமான ஃபுளோரசினை 1871இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடோல்ஃப் ஃபான் பேயர் தயாரித்தார். நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சையாகத் திருப்பிக் கொடுக்கும். கேமராவில் நீலத்தைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் சாயம் இருக்கும் இடம் மட்டும் பதிவாகும். கொவிட் காலத்து பிசிஆர் சோதனைகளில் பலவற்றில் ஒளிர்ந்த ‘ஃபாம்’ என்ற சாயம் இதன் பங்காளிதான்.

இந்தச் சாயங்கள் மகா தொட்டாற்சுருங்கி. வெளிச்சம் பட்டால் ஒளிரும் சக்தி போய்விடும் என்பதால் பழுப்புக் குப்பியில் போட்டு, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் வைப்போம். சேர்ந்த புதிதில் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். எதிர்ப்புரதத்தோடு (ஆன்டிபாடி) ஒட்டவைக்க வேண்டிய சாயம், ஒரே ஒரு மில்லிகிராம், குப்பியின் அடியில் தூசு மாதிரி கிடந்தது. உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்துவிட்டேன். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் நம்மூரில் எப்படி வேர்க்கும்? அதே வேர்வை குப்பிக்குள்ளும். இந்த வகைச் சாயத்தில் புரதத்தைப் பிடிக்கும் கொக்கி ஒன்று இருக்கிறது. ஈரம் பட்டால் அது முறிந்துவிடும். நிறம் அப்படியே இருந்ததால் கெட்டுப்போனது தெரியவில்லை. மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் கும்மிருட்டு. குப்பி அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் தொடக்கூடாது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் மேலாளர் திட்டும்போது மட்டும் எல்லாரும் வந்து நின்றார்கள்.

இன்னொன்று: சாயம் உடம்பில் இருக்கும்போது சில ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளின் முடிவு பிசகலாம். பக்கத்திலேயே வேறு சோதனை இருந்தால் ஊசி போட்டதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புக்கிட் பாத்தோக் தம்பி:

நான் ஊசியெல்லாம் போட்டதில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் வாழையிலைச் சாப்பாடு முடித்து நேராகப் பௌலிங் போனோம். அங்கே ஊதா விளக்கு மட்டும். சட்டை நீலவெள்ளையாக எரிகிறது, விரல் நுனி பச்சைமஞ்சளாக மின்னுகிறது! சாம்பார் மஞ்சள்தான், கை சரியாகக் கழுவவில்லை. சட்டை ஏன் மின்னியது? எங்கம்மா சொட்டு நீலம்தான் காரணம் என்கிறார்.

துவாஸ் பணிப்பெண்:

சொட்டு நீலம் பாவம், அது பழுப்பை மறைக்கும், அவ்வளவே. சலவைத்தூளில் வெண்மையூட்டி என்று ஒன்று சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாகக் கொடுப்பது அதுதான்.

ஈசூன்வாசி:

நன்றிம்மா. ஊசியில்லாமல் ஒளியை வைத்தே குழாய்களைப் படமெடுக்கும் முறையும் இருக்கிறதே என்று மருத்துவரிடம் கேட்டேன். அதில் குழாய் தெரியும், கசிவு தெரியாது என்றார். ஆகவே மறுபடியும் மஞ்சள்தான், அடுத்த மாதம். வீட்டில் இப்போதே சொல்லியாகிவிட்டது. அப்படியானால் கீழாநெல்லி வாங்கவே வேண்டாமா என்றுதான் மனைவி கேட்கிறார்.