பி பிளஸ் ஆயுட்காலம் அதிகமாக வருகிறது, எங்கே இடிக்கிறது?

வணக்கம். செர்னின் துகள் மோதல் சோதனையான எல்ஹெச்சிபியின் 2012 திறந்த தரவில் (8 டெரா எலக்ட்ரான்வோல்ட்) பி பிளஸ் மேசான் என்ற நிலையற்ற துகளின் ஆயுட்காலத்தை அளக்க முயல்கிறேன். சிதைவு வழி: ஜே/சை என்ற மேசானும் கே பிளஸும் (கேயான்), பிறகு ஜே/சை இரு மியூவான்களாக. வர வேண்டியது சுமார் 1.64 பிக்கோநொடி (ஒரு பிக்கோநொடி, நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). எனக்கு 1.8-க்கு மேல்தான் வருகிறது.

நிறையில் குறையில்லை. 5279 மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் சிகரம் அழகாக நிற்கிறது, பார்க்கவே ஆசையாக இருக்கும்! சிக்கல் சிதைவு நேர வரைபடத்தில். மடக்கை (லாக்) அளவில் நேராக இறங்க வேண்டிய கோடு, 0.5 பிக்கோநொடிக்குக் கீழே தோள் மாதிரி வளைந்து தாழ்கிறது.

பக்கப் பட்டைகளை (நிறைச் சிகரத்துக்கு இருபுறமும் உள்ள பகுதிகளை) வைத்துப் பின்னணியைக் கழித்துப் பார்த்தேன். மாற்றமில்லை. தூரம், நிறை, உந்தம் மூன்றின் அலகுகளையும் சரிபார்த்தாயிற்று. அப்புறம் பொருத்தத்தை 1 பிக்கோநொடியிலிருந்து தொடங்கினேன்: மதிப்பு இறங்குகிறது, ஆனால் பிழை எல்லை பெருத்துவிடுகிறது. ரூஃபிட் என்ற பொருத்த மென்பொருளில்தான் செய்கிறேன்.

என் சந்தேகம் தேர்வு நிபந்தனை மேல். கேயான் தடம் முதன்மை வெர்டெக்ஸிலிருந்து (புரோட்டான்கள் மோதிய புள்ளியிலிருந்து) விலகியிருக்க வேண்டும் என்று கேட்கும்போது, பிறந்த இடத்தருகிலேயே சிதையும் மேசான்கள்தானே முதலில் கழிந்துபோகும்? அந்த வெட்டைத் தளர்த்தினால் பின்னணி வந்து கொட்டுகிறது, வேறு தலைவலி. சிமுலேஷன் மாதிரியும் கையில் இல்லை.

சிமுலேஷன் இல்லாமல், நேரத்தைப் பொறுத்த இந்த ஏற்புத்திறனை (எந்தச் சிதைவு நேரத்தில் எவ்வளவு பங்கு மேசான்கள் தேர்வில் தப்புகின்றன என்பதை) தரவிலிருந்தே எடுக்க எந்த முறை நம்பகமானது?