பெர்லினை விட்டுப் போன டாக்டர் டோப்ளின் அப்புறம் வைத்தியம் பார்த்தாரா?

கேட்டவர்: கவின்மொழி

வணக்கம். ஆல்ஃபிரட் டோப்ளின் எழுதிய 'பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்' நாவலை இப்போதுதான் முடித்தேன். அவர் நரம்பியல் டாக்டர், 1933இல் நாட்டைவிட்டுப் போனார், போர் முடிந்ததும் திரும்பி வந்து பத்திரிகை நடத்தினார் என்று பின்னட்டையில் மூன்றே வரி. நடுவில் பன்னிரண்டு வருஷம் எப்படிப் பிழைத்தார்? மறுபடி கிளினிக் வைத்தாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மேசைவிளக்கு

வைக்கவில்லை. சூரிச், பிறகு பாரிஸ். 1936இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது, ஆனால் தொழில் திரும்பக் கிடைக்கவில்லை. 1940இல் லிஸ்பன் வழியாக அமெரிக்கா போனார். அங்கே எம்ஜிஎம் ஸ்டுடியோவில் வாரம் 100 டாலருக்குத் திரைக்கதை வேலை. ஒரு வருஷத்தில் அதுவும் முடிந்தது. அதன் பிறகு உதவிப் பணத்தில்தான் குடும்பம் ஓடியது.

பதில்: பழைய ஸ்டெதஸ்கோப்

தங்கச்சி, இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. நானும் யாழ்ப்பாணத்தில் டொக்டராக இருந்தவன். ஜேர்மனிக்கு வந்த புதிதில் ஆறு வருஷம் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றினேன். ஒரு இரவு ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தலையணையை நிமிர்த்தி, முதுகில் காதை வைத்துக் கேட்டேன். நுரையீரலின் அடியில் கரகரவென்று நீர்ச் சத்தம். என்ன மருந்து, எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் தாதியைக் கூப்பிட மட்டுமே எனக்கு அனுமதி. டோப்ளினை நான் படிக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

1931 வரை கிழக்கு பேர்லினில் ஃபிராங்ஃபுர்ட்டர் அல்லே என்ற தெருவில் அவர் கிளினிக் வைத்திருந்தார். சுற்றிலும் தொழிலாளர் குடியிருப்பு. வருகிறவர்களில் பெரும்பாலானோர் காப்பீட்டில் வருகிற ஏழைகள். நாவலில் அந்த மனிதர்கள் கதைப்பது ஏன் அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று யோசித்தீர்களா? அந்தக் கதைகளை நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டவர் அவர்.

1928இல் இரண்டு சிறு குறிப்புகள் எழுதினார். ஒன்றில் டொக்டர் டோப்ளின் எழுத்தாளர் டோப்ளினைப் பற்றிச் சொல்கிறார், மற்றதில் எழுத்தாளர் டொக்டரைப் பற்றி. அவ்வளவாகப் பழக்கமில்லாத இரண்டு பேர் போல. 1933 பெப்ரவரி 28, ஹிட்லர் ஆட்சியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், அவர் பேர்லினில் ரயில் ஏறினார். அந்த இருவரில் ஒருவரை அங்கேயே விட்டுவிட்டுப் போனார் என்றுதான் எனக்குப் படுகிறது. எழுத்தாளர் மட்டும் போய்ச் சேர்ந்தார்.

சஞ்சிகை விஷயம் இன்னும் வலி. 1945 நவம்பரில், பிரெஞ்சுப் படை வசமிருந்த ஜேர்மன் நகரமான பாடன்-பாடனுக்குத் திரும்பியபோது அவருக்கு வயது 67, உடம்பில் பிரெஞ்சு இராணுவச் சீருடை. அச்சுக்கு வருகிற கையெழுத்துப் பிரதிகளைப் படித்து அனுமதி சொல்வது வேலை. 1946 முதல் 1951 வரை 'தங்க வாயில்' என்று பொருள்படும் பெயரில் இலக்கியச் சஞ்சிகை நடத்தினார். ஹிட்லர் ஆட்சியில் பன்னிரண்டு வருஷம் வாயடைக்கப்பட்ட எழுத்தாளர்களை இளம் வாசகர்களிடம் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை அவருக்கு. பலர் கண்ணுக்கு அந்தச் சீருடைதான் தெரிந்தது. 1946இலேயே முடித்த அவருடைய கடைசி நாவலை எடுக்க மேற்கு ஜேர்மனியில் ஒரு பதிப்பகமும் இல்லை. 1956இல் கிழக்கு பேர்லினில்தான் வந்தது. அதற்குள், 1953இல், இந்த நாட்டில் நான் தேவையில்லாதவன் என்று ஜனாதிபதிக்கே எழுதிவிட்டு மறுபடி பாரிஸ் போய்விட்டார்.

பதில்: எண்ணும்எழுத்தும்

கணிதம் படித்தவர்களுக்கு அவர் மகனைத் தெரிந்திருக்கும். வொல்ஃப்காங், பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய். நிகழ்தகவு பற்றிய ஆய்வொன்றை 1940 பிப்ரவரியில் முத்திரையிட்ட உறையில் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அனுப்பினார். ஜூன் 21 அன்று ஜெர்மன் படை நெருங்கியபோது ஹூசெராஸ் என்ற கிராமத்தில் தன்னைச் சுட்டுக்கொண்டார். வயது 25. உறையைப் பிரித்தது 2000இல். வேறொருவர் பல வருஷம் கழித்துத் தனியாகக் கண்டடைந்த விஷயங்கள் உள்ளே இருந்தன.

கவின்மொழி

மகன் இறந்தது அப்பாவுக்கு எப்போது தெரிந்தது? அடுத்து எதைப் படிக்கலாம் அண்ணா?

பழைய ஸ்டெதஸ்கோப்

1945இல்தான் தெரிந்தது, தங்கச்சி. 1940இல் பிரான்ஸ் முழுக்க மனைவியையும் கடைசி மகனையும் தேடி அலைந்ததை அவரே எழுதியிருக்கிறார். 'டெஸ்டினிஸ் ஜர்னி' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை எடுங்கள். மாந்த் ஊரில் அகதி முகாமில் இருந்தபோது அங்குள்ள தேவாலயத்தில் சிலுவைக்கு முன்னால் போய்ப் போய் உட்காருவார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அடுத்த வருஷமே கத்தோலிக்கரானார். அந்தப் பக்கங்களை அவசரப்படாமல் படியுங்கள்.

1957 ஜூனில் இறந்தவரை ஹூசெராஸில் மகன் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மூன்று மாதத்தில் மனைவி எர்னாவும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரும் அங்கேதான்.