"குரோம்ல போட்டுப் பாருங்க": உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கடல்நுரை:
காப்பீட்டுத் தொகை கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. என் கணினியில் இணையம் பார்க்கும் உலாவி பயர்பாக்ஸ்தான். பக்கம் பக்கமாக நிரப்பி, ரசீதுகளையெல்லாம் ஏற்றி, 'சமர்ப்பி'யை அழுத்தினால் அசையவே இல்லை. பிழைச் செய்திகூட வரவில்லை. உதவி எண்ணுக்குப் பேசினேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "குரோம்ல போட்டுப் பாருங்க சார்" என்று பதில் வந்துவிட்டது.

எனக்கு மனம் வரவில்லை. உலாவி எந்தத் தளத்துக்குப் போனாலும் முதலில் தன் பெயரைச் சொல்லித்தான் நுழையும். அந்தப் பெயரை மாற்றிச் சொல்ல வைக்கும் நீட்சி ஒன்றை நிறுவி, பயர்பாக்ஸைக் குரோம் என்று சொல்ல வைத்தேன். அதே படிவம், அதே ரசீதுகள், சட்டென்று போய்விட்டது! ஆக, என் உலாவியில் ஒரு குறையும் இல்லை. பெயரைப் பார்த்தே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வேறு யாருக்காவது இப்படி?

வலைநெசவன்:
தளம் கட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் உள்கதையைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் தரும் சோதனைப் பட்டியலில் குரோம் இருக்கும், ஐபோனுக்காக சஃபாரி இருக்கும், அதோடு சரி. பயர்பாக்ஸிலும் பார்த்துவிடலாமா என்று கேட்டால் "அதுக்கெல்லாம் யார் காசு தருவா?" என்பார்கள்.

நீங்கள் போட்ட வேஷத்தை உலாவிகளே போடுகின்றன. விவால்டி என்ற உலாவி ஓடுவதே குரோமுக்கு அடியில் இருக்கும் குரோமியத்தில்தான். அப்படியிருந்தும் பெயரைப் பார்த்துப் பல தளங்கள் மறித்ததால், 2019 கடைசியில் அது தன்னைக் குரோம் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளத் தொடங்கியது. ஓபரா உலாவி 2013-இலேயே சொந்த எஞ்சினை, அதாவது பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் உள்பகுதியை, கைவிட்டது. மைக்ரோசாஃப்ட்டே 2018-இல் அறிவித்துவிட்டு தன் எட்ஜ் உலாவியைக் குரோமியத்துக்கு மாற்றியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கட்டுப்படியாகவில்லை என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல? பெரிதாகப் புழங்கும் மாற்று எஞ்சின்கள் இனி இரண்டுதான்: பயர்பாக்ஸின் கெக்கோ, ஆப்பிளின் வெப்கிட்.

அப்புறம், ஐபோனில் குரோம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பெயர்தான் குரோம், உள்ளே இருப்பது வெப்கிட். வேறு எஞ்சினை ஆப்பிள் விடவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு 2024 மார்ச்சில்தான் அங்கே அனுமதித்தது.

பழையகணக்கு:
எனக்கு இது இரண்டாவது சுற்று. "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்" என்று பக்கத்தின் அடியில் எழுதியிருந்த காலத்தைப் பார்த்தவன் நான். அதை விண்டோஸோடு கட்டித் தந்ததற்காக 1998-இல் அமெரிக்க அரசு வழக்கே போட்டது. எக்ஸ்ப்ளோரர் போய்விட்டது, அந்த வாசகத்தில் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

தேடல்வாசி:
எனக்கு வாய்த்தது தேடுபொறி. புது போனின் முகப்பில் ஒரு கூகுள் தேடல் பட்டை. நீக்கலாம் என்று அழுத்திப் பிடித்தால் மற்றதெல்லாம் நகர்கிறது, அது மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கடைசியில் முகப்புச் செயலியையே மாற்றித்தான் விடுபட்டேன். இத்தனை மெனக்கெட யாருக்கு நேரம்?

அந்த இடத்தின் விலை தெரிந்தால் ஆச்சரியம் போய்விடும். சஃபாரியில் முதல் தேடுபொறியாக இருப்பதற்காக 2022-இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். கூகுள் மீது அமெரிக்க அரசு போட்ட வழக்கில் வெளிவந்த கணக்கு இது. அந்த வழக்கில்தான் 2024 ஆகஸ்ட்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். அடுத்த வருடம் பரிகாரம் என்று வந்தபோது கூகுள் தன் குரோமை விற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒப்பந்தங்கள் பிரத்தியேகமாக இருக்கக் கூடாது என்றார், பணம் கொடுப்பதைத் தடுக்கவில்லை.

கடல்நுரைக்கு ஒன்று: பயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தருவது. அந்தப் பணத்தைத் தடை செய்தால் தங்கள் கதி என்னாகும் என்று நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொன்னதும் மொசில்லாவின் நிதி அதிகாரிதான்.

கடல்நுரை:
அது தெரிந்தேதான் பயர்பாக்ஸில் இருக்கிறேன். வலைநெசவன், அந்தக் காப்பீட்டுத் தளத்துக்குப் புகார் எழுதப் போகிறேன். உங்களைப் போல உள்ளே இருப்பவர் கண்ணில் பட வேண்டுமென்றால் என்ன எழுத வேண்டும்?

வலைநெசவன்:
பெயரை மாற்றியதும் போய்விட்டது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். உலாவியின் பதிப்பு எண்ணைச் சேருங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் திரும்பவும் அதே பதில்தான் வரும்.